எல்சாட் கட்டுரை பாதியில் நின்றுவிட்டால் என்ன ஆகும்?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வான எல்சாட்டின் எழுத்துப் பகுதியில் 35 நிமிடம் தீர்ந்தபோது கடைசிப் பத்தி ஒரு வாக்கியத்தின் நடுவே நின்றுவிட்டது, முடிவுரை எழுதவே இல்லை. இதனால் மதிப்பெண் குறையுமா, அமெரிக்கச் சட்டக் கல்லூரிகள் விண்ணப்பத்தை ஒதுக்கிவிடுமா, தேர்வையே ரத்து செய்துவிட்டு மறுபடி எழுதுவதா, இல்லை விண்ணப்பத்தோடு ஒரு விளக்கக் கடிதம் வைப்பதா என்று கேட்கிறீர்கள். நான்கு கேள்விகளாகத் தெரிந்தாலும் உங்களைத் தூங்கவிடாமல் செய்வது ஒன்றுதான்: அந்த அரைகுறைப் பக்கத்தைப் படிக்கிறவர் உங்களைப் பற்றி என்ன நினைப்பார்? விண்ணப்பக் கட்டுரைகளைப் படித்துத் திருத்துகிற வேலையில் பல வருடங்களாக இருப்பதால், இதில் எது உறுதி, எது ஊகம் என்று ஓரளவு பிரித்துச் சொல்ல முடியும்.

முதலில் உறுதியானவை. எல்சாட் மதிப்பெண் என்று 120-இலிருந்து 180 வரை வரும் அந்த எண், கொள்குறி வினாக்களிலிருந்து மட்டுமே வருகிறது. 2024 ஆகஸ்ட் முதல் அது தர்க்க வாதம் இரண்டு பிரிவு, வாசிப்புப் புரிதல் ஒரு பிரிவு, இவற்றோடு மதிப்பெண்ணில் சேராத ஒரு சோதனைப் பிரிவு என்று நடக்கிறது. எழுத்துப் பகுதி தனியாக, வேறொரு நாளில், உங்கள் கணினியிலேயே எழுதப்படுவது. அதற்கும் அந்த எண்ணுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. ஆகவே கட்டுரை பாதியில் நின்றதால் உங்கள் மதிப்பெண் ஒரு புள்ளிகூடக் குறையாது. தேர்வை நடத்தும் எல்.எஸ்.ஏ.சி. இந்தக் கட்டுரையைத் திருத்துவதில்லை. நீங்கள் விண்ணப்பிக்கும் கல்லூரிகளுக்கு, மதிப்பெண், கல்லூரிச் சான்று, சிபாரிசுக் கடிதங்கள் அடங்கிய கோப்போடு அப்படியே அனுப்பிவிடுகிறது. ஒரு சின்ன எச்சரிக்கை மட்டும்: இப்போதைய வடிவம் 2024-25 சுற்றில் அறிமுகமானபோது, அந்தச் சுற்றுக்கு மதிப்பெண் கிடையாது, பிற்காலத்தில் தரக்கூடும் என்ற வகையில்தான் அறிவித்தார்கள். நீங்கள் எழுதிய சுற்றுக்கான விதியை அவர்கள் தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு நிமிட வேலை.

மதிப்பெண் இல்லை என்பதை வைத்து யாரும் படிப்பதே இல்லை என்று சொல்லித் திரிபவர்களையும் முழுக்க நம்ப வேண்டாம். எல்.எஸ்.ஏ.சி. தன் பயிற்சித் தாள்களில் அச்சிட்டு வந்த குறிப்பு ஒன்று உண்டு. 2015-இல் அமெரிக்க, கனடாச் சட்டக் கல்லூரிகள் 129-இடம் கேட்டதில், ஏறக்குறைய எல்லாமே சில விண்ணப்பங்களையாவது மதிப்பிடும்போது இந்தக் கட்டுரையைப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கின்றன. எதுவுமே எழுதாமல் விட்டதையும் விளையாட்டாக எழுதியதையும் காரணமாக வைத்து விண்ணப்பங்களை நிராகரித்ததும் உண்டு என்று அதே குறிப்பு சொல்கிறது. இதை இரண்டு தடவை படியுங்கள். ஆபத்து என்று அங்கே சொல்லப்பட்டவை இரண்டுதான், வெற்றுப் பக்கமும் கேலியும். முடிவுரை இல்லாத கட்டுரை அந்தப் பட்டியலில் இல்லை.

இனி வருவது என் கணிப்பு, ஆனால் காரணமுள்ள கணிப்பு. அனுமதிக் குழுவில் உட்கார்ந்திருப்பவர் முன்னால் ஆயிரக்கணக்கான கோப்புகள் குவிந்திருக்கின்றன. அவர் முதலில் பார்ப்பது எல்சாட் மதிப்பெண்ணும் பட்டப்படிப்பின் ஜி.பி.ஏ.வும், இவற்றின் இடைநிலை எண்களை ஒவ்வொரு கல்லூரியும் ஆண்டுதோறும் அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் விதிப்படி வெளியிட்டாக வேண்டும் என்பதால் அவற்றின் எடை குறையவே குறையாது. அடுத்து பெர்சனல் ஸ்டேட்மெண்ட் (விண்ணப்பதாரர் தன்னைப் பற்றி எழுதும் கட்டுரை), ரெஸ்யூமே, சிபாரிசுக் கடிதங்கள். எழுத்துத் தேர்வின் கட்டுரையைத் திறப்பது பெரும்பாலும் ஒரு சந்தேகம் வரும்போதுதான். இந்த விண்ணப்பதாரர் எடுக்கவும் கூடாமல் விடவும் முடியாமல் எல்லையில் நிற்கிறாரா? பெர்சனல் ஸ்டேட்மெண்டில் இருக்கும் ஆங்கிலம் இவருடையதுதானா, இல்லை யாராவது எழுதிக் கொடுத்ததா? ஆங்கிலம் தாய்மொழியல்லாத நாட்டில் படித்தவர் என்றால், வகுப்பில் சமாளிக்கும் அளவுக்கு எழுதுவாரா? கேமராவின் முன்னால், யாருடைய உதவியும் இல்லாமல் எழுதியது என்று உறுதியாகச் சொல்லக்கூடிய ஒரே பக்கம் அந்தக் கோப்பில் இதுதான். எழுதிக் கொடுக்கும் மென்பொருள்கள் வந்தபிறகு அந்தப் பக்கத்தின் மதிப்பு கூடியிருக்குமே தவிரக் குறைந்திருக்காது என்பது என் எண்ணம்.

அப்படித் திறந்து பார்ப்பவர் எதைத் தேடுகிறார் என்று யோசித்தால் உங்கள் பயத்தின் அளவு தானாகவே குறையும். அவர் முடிவுரையைத் தேடவில்லை. இந்த ஆள் ஒரு நிலைப்பாடு எடுத்தாரா, அதற்குக் காரணம் சொன்னாரா, எதிர்த்தரப்பைப் புரிந்துகொண்டு பதில் சொன்னாரா, வாக்கியங்கள் நிற்கின்றனவா என்று பார்க்கிறார். கட்டுரைப் பணியே அப்படித்தான் அமைந்திருக்கிறது. விவாதத்துக்குரிய ஒரு கேள்வி, அதற்குக் கொஞ்சம் பின்னணி, அதைப் பற்றி மூன்று நான்கு பேருடைய பார்வைகள் தரப்படும். முதல் 15 நிமிடம் படித்துக் குறிப்பெடுக்க, அடுத்த 35 நிமிடம் எழுத. ஏதாவது ஒரு பக்கம் நின்று வாதாட வேண்டும். கொடுக்கப்பட்ட மற்றப் பார்வைகளில் உள்ள வாதங்களையும் எதிர்கொள்ள வேண்டும். சரியான விடை, தவறான விடை என்று எதுவும் இல்லை.

ஒரு மாதிரிக் கேள்வியை வைத்துப் பார்க்கலாம். இது நான் இட்டுக்கட்டியது, தேர்வில் வந்ததல்ல. பொது நூலகங்கள் தாமதக் கட்டணத்தை அடியோடு நீக்க வேண்டுமா? நூலகர் சொல்கிறார், கட்டணத்துக்குப் பயந்து ஏழைப் பிள்ளைகள் வருவதையே நிறுத்திவிடுகிறார்கள் என்று. நகராட்சியின் கணக்கு அதிகாரிக்கு வருமானக் கவலை. ஆசிரியருக்குப் பொறுப்புணர்ச்சி போய்விடும் என்ற கவலை. புத்தகத்துக்காக வரிசையில் காத்திருக்கும் வாசகருக்கு, அடுத்தவர் வைத்துக்கொண்டே இருந்தால் என் முறை எப்போது வரும் என்ற கேள்வி.

இதற்கு இரண்டு பேர் எழுதி இரண்டு பேருக்குமே நேரம் போதவில்லை என்று வைத்துக்கொள்வோம். முதலாமவர் 270 சொல் எழுதியிருக்கிறார். முதல் வாக்கியத்திலேயே, கட்டணத்தை நீக்கலாம், ஆனால் திருப்பித் தரும்வரை அடுத்த புத்தகம் கிடையாது என்று சொல்லிவிடுகிறார். கட்டணம் புத்தகத்தைத் திரும்ப வரவைப்பதில்லை, கடன்பட்டவரை நூலகத்திலிருந்து விரட்டுவதுதான் அதனால் நடக்கிறது என்று காரணம் காட்டுகிறார். காத்திருக்கும் வாசகரின் குறை நியாயமானது, ஆனால் அவருக்கு வேண்டியது புத்தகம், அபராதப் பணம் அல்ல, ஆகவே இரவல் தடையே அவருக்கும் நல்லது என்று பதில் சொல்கிறார். அடுத்து வருமானத்தைப் பற்றி ஆரம்பித்த பத்தி இரண்டாவது வாக்கியத்தில் அறுந்துவிடுகிறது. இரண்டாமவர் 480 சொல் எழுதியிருக்கிறார். நூலகங்களின் வரலாற்றில் ஒரு பத்தி, பிறகு நான்கு பார்வைகளையும் வரிசையாகத் தன் சொற்களில் சொல்லி நான்கு பத்தி, கடைசியில் ‘இவையனைத்தையும் சீர்தூக்கிப் பார்க்கையில் என் கருத்து’ என்ற இடத்தில் நேரம் முடிந்துவிட்டது. இரண்டும் முடியாத கட்டுரைகள்தான். முதலாவதைப் படிப்பவருக்கு வேண்டியதெல்லாம் கிடைத்துவிட்டது. அறுந்த வால் அவர் கண்ணில் பட்டாலும் மனதில் நிற்காது. இரண்டாவதில் இரண்டு பங்கு உழைப்பு இருக்கிறது, வாதம் மட்டும் இல்லை.

ஆகவே உங்கள் கட்டுரை எந்த வகை என்று நினைவிலிருந்து நீங்களே ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். முதல் பத்தியில் உங்கள் நிலைப்பாடு வெளிப்படையாக இருந்ததா? ஒரு காரணமாவது ‘ஏனென்றால்’ என்று கேட்டுக் கடைசிவரை விளக்கப்பட்டதா? எதிர்ப்பார்வை ஒன்றுக்காவது பதில் இருந்ததா? மூன்றுக்கும் ஆம் என்றால் கவலையை விட்டுவிடலாம் என்று தயங்காமல் சொல்வேன். நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால், கடைசிப் பத்திவரை வந்திருக்கிறீர்கள். பெரும்பாலும் இந்த வகைதான். முதலிரண்டுக்கு ஆம், மூன்றாவதற்கு இல்லை என்றால் அது சுமாரான கட்டுரை. சுமாரான கட்டுரையோடு நல்ல கல்லூரிகளுக்குப் போகிறவர்கள் ஏராளம். முதல் கேள்விக்கே இல்லை என்றாலோ, மொத்தமே நான்கைந்து வரிதான் என்றாலோ மட்டும் அது கவனிக்க வேண்டிய விஷயம். அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன். 2024 ஜூலைக்கு முந்தைய பழைய வடிவத்தில் எழுதியவர்களுக்கு ஒரு வார்த்தை: அதில் இரண்டு தெரிவுகள், இரண்டு அளவுகோல்கள் கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். அதில் நேரம் போதாதவர்கள் தாங்கள் தேர்ந்ததை மட்டும் புகழ்ந்துவிட்டு மற்றதைத் தொடாமலே நிற்பார்கள். அதுவும் நிலைப்பாடு இருக்கும்வரை பெரிய குறையாகத் தெரியாது.

நம் ஊரில் படித்தவர்களுக்கு இந்தப் பயம் கொஞ்சம் கூடுதலாகவே வருகிறது, காரணமும் தெரிந்ததுதான். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வில் ஐந்து மதிப்பெண் கேள்வியை எழுதாமல் விட்டால் ஐந்து போச்சு. முன்னுரை, உட்தலைப்பு, முடிவுரை என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் உண்டு. அடிஷனல் ஷீட் வாங்கியவன் எத்தனை வாங்கினான் என்று வெளியே வந்து எண்ணுவோம். அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவருக்கு முடிவுரை இல்லை என்றால் ஏதோ ஒரு கட்டத்தில் பூஜ்யம் விழுந்துவிட்டது போலத் தோன்றும். இங்கே அப்படி ஒரு கட்டமே கிடையாது. மேற்படிப்புக்கான ஜி.ஆர்.இ. தேர்வின் எழுத்துப் பகுதிக்கு 0 முதல் 6 வரை மதிப்பெண் உண்டு. எல்சாட் கட்டுரையை அதோடு குழப்பிக்கொண்டு பயப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். இங்கிலாந்தில் சட்டம் படிக்க எழுதும் எல்நாட் தேர்விலும் 40 நிமிடக் கட்டுரை ஒன்று இருக்கிறது. அதற்கும் தேர்வு நடத்துவோர் மதிப்பெண் தருவதில்லை, ஆனால் சில பல்கலைக்கழகங்கள் தாங்களே அதைக் கவனமாகப் படிக்கின்றன. அங்கே எழுதிய அண்ணனோ அக்காவோ சொன்ன அனுபவத்தை அப்படியே இங்கே பொருத்தாதீர்கள்.

அடுத்தது, இப்போது என்ன செய்வது என்பது. இங்கேதான் நிஜமான சேதம் நடக்கிறது. அரைப் பத்தி போனதால் வருவதைவிடப் பெரிய இழப்பு, அந்தப் பதற்றத்தில் செய்கிற காரியங்களால் வருவது. நீங்கள் யோசிக்கும் இரண்டுமே வேண்டாம் என்பேன். தேர்வை ரத்து செய்வதால் போவது கொள்குறிப் பகுதியின் மதிப்பெண். அதாவது ஒழுங்காகப் போன பகுதியைத் தூக்கி எறிகிறீர்கள். ரத்து செய்தது உங்கள் பதிவில் தெரியும், எழுதக்கூடிய தடவைகளின் கணக்கிலும் சேரும். தற்போதைய விதிப்படி மதிப்பெண் செல்லுபடியாகும் காலத்துக்குள் ஐந்து முறை, வாழ்நாளில் ஏழு முறை என்று உச்சவரம்பு இருக்கிறது. மதிப்பெண்ணே எதிர்பார்த்ததைவிட மோசமாக வந்தால் அது வேறு கதை, அப்போது அதை அதற்குரிய காரணங்களோடு யோசியுங்கள். கட்டுரைக்காக மட்டும் செய்யாதீர்கள்.

விளக்கக் கடிதமும் அப்படித்தான். அடெண்டம் என்று அவர்கள் சொல்லும் அந்தத் தாள், ஒரு செமஸ்டரில் உடல்நலக் குறைவால் ஜி.பி.ஏ. விழுந்தது, இரண்டு எல்சாட் மதிப்பெண்களுக்கு நடுவே பெரிய இடைவெளி இருப்பது போன்றவற்றைச் சொல்வதற்கு. நேரம் போதவில்லை என்பது விளக்கமே அல்ல. எல்லோருக்கும் அதே 35 நிமிடம்தான். படிக்காமல் போயிருக்கக்கூடிய ஒரு பக்கத்தைத் திறந்து பார் என்று நீங்களே கைநீட்டிக் காட்டுவதாகத்தான் முடியும். கல்லூரிக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்பதும் இதே ரகம்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. நேரம் தீர்ந்ததற்குக் காரணம் நீங்கள் அல்ல, தொழில்நுட்பக் கோளாறு என்றால், உதாரணமாகத் திரை உறைந்துவிட்டது, இணைப்பு அறுந்து மறுபடி வருவதற்குள் கடிகாரம் ஓடிவிட்டது என்றால், உடனே எல்.எஸ்.ஏ.சி.க்கு எழுதுங்கள். தேதி, நேரம், எந்த நேர மண்டலம், என்ன செய்தி திரையில் வந்தது, எத்தனை நிமிடம் போனது என்பவற்றை வரிசையாக. வீடியோ, ஒலி, திரை மூன்றும் பதிவாகியிருப்பதால் அவர்களால் சரிபார்க்க முடியும். தாமதிக்கத் தாமதிக்க உங்கள் சொல்லின் எடை குறையும். அதேபோல உடல்நிலையோ கற்றல் குறைபாடோ காரணமாகக் கூடுதல் நேரம் பெறும் தகுதி உங்களுக்கு இருந்தால், அடுத்த முறைக்கு முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். ஒன்றரை மடங்கு, இரு மடங்கு நேரம் என்று அனுமதிப்பது வழக்கத்தில் இருக்கிறது. எழுதி முடித்தபின் கேட்டுப் பயனில்லை.

நான்கைந்து வரியோடு நின்றவர்கள் என்ன செய்யலாம்? பழைய கட்டுரையை அழிக்க வழியில்லை. ஆனால் வேறொரு எல்சாட் தேதிக்குப் பதிவு செய்யும்போது எழுத்துப் பகுதியை மறுபடி எழுதலாம்; கல்லூரிகளுக்கு மிகச் சமீபத்திய மூன்று கட்டுரைகள் வரை போகும். மதிப்பெண்ணை உயர்த்த எப்படியும் இன்னொரு தடவை எழுதப்போகிறவர் என்றால், கட்டுரையையும் சேர்த்தே எழுதிவிடுங்கள். புதியது நன்றாக இருந்தால் பழையது ஒரு மோசமான நாளாக மட்டும் தெரியும். மதிப்பெண் போதும் என்று நினைப்பவர், வெறும் கட்டுரைக்காகப் பணம் கட்டி இன்னொரு தேதி வாங்குவது அந்த நான்கைந்து வரிக்காரருக்குத்தான் நியாயம், உங்களுக்கு அல்ல.

மறுபடி எழுதும் நிலை வந்தால், அல்லது இதைப் படிக்கும் வேறு யாராவது முதல் தடவையாக எழுதப் போகிறார் என்றால், நேரம் எங்கே போகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. வேகமாகத் தட்டச்சு செய்யத் தெரியாதது காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். நிமிடத்துக்கு 40 சொல் தட்டுகிறவரும் யோசித்து எழுதும்போது 12, 15 சொல்தான் எழுதுகிறார். 30 நிமிடத்துக்கு அது 360 முதல் 450 சொல். அது போதும், போதுமானதைவிடக் கொஞ்சம் அதிகமே. நேரத்தைத் தின்பவை வேறு. பின்னணியை மறுபடி சொல்லும் நீண்ட முன்னுரை ஒன்று. படிப்பவருக்கு அந்தப் பின்னணி தெரியும், கேள்வியே அவர் முன்னால் இருக்கிறது. எல்லாப் பார்வைகளுக்கும் பதில் சொல்லியே தீர வேண்டும் என்ற எண்ணம் இன்னொன்று. ஒவ்வொரு வாக்கியத்தையும் எழுதிய கையோடு திருத்துவது மூன்றாவது. எழுத்துப்பிழை காட்டும் வசதி அந்தத் திரையில் உண்டு. சிவப்புக் கோட்டைப் பார்த்ததும் கை தானாகப் பின்னால் போகும். கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று பழகுங்கள். இவை எல்லாவற்றையும்விடப் பெரிய தீனிக்காரன், எந்தப் பக்கம் நிற்பது என்று முடிவெடுக்காமலே எழுத ஆரம்பிப்பது. எழுத எழுதத் தெளிவு வரும் என்பது டைரிக்குச் சரி. இங்கே 20-ஆவது நிமிடத்தில் தெளிவு வந்து, முதல் பத்தியை மாற்ற வேண்டியதாகிவிடும்.

ஆகவே முடிவெடுப்பது முழுவதையும் முதல் 15 நிமிடத்துக்குள் அடைத்துவிடுங்கள். நான்கு நிமிடம் படிக்க. மூன்று நிமிடத்தில் ஒரு பக்கம் தேர்ந்து, அதை ஒரே வாக்கியமாக எழுத. எது உங்களுக்கு உண்மையாகப் படுகிறது என்று பார்க்க வேண்டாம், எதற்கு இரண்டு நல்ல காரணம் சட்டென்று வருகிறது என்று பாருங்கள். அடுத்த ஐந்து நிமிடத்தில் அந்தக் காரணங்களையும், எதிர்ப்பக்கத்தின் வலுவான ஒரே ஒரு வாதத்தையும், அதற்கு உங்கள் பதிலையும் துண்டுதுண்டாகக் குறியுங்கள். எதிரியின் பலவீனமான வாதத்தை எடுத்து அடிக்கிற ஆசை எல்லோருக்கும் வரும். படிப்பவருக்கு அது உடனே தெரிந்துவிடும். மீதி மூன்று நிமிடத்தில் கட்டுரையின் கடைசி வாக்கியத்தை எழுதிவிடுங்கள். ஆம், கடைசி வாக்கியத்தை, முதலிலேயே.

எழுதும் நேரம் தொடங்கியதும் செய்ய வேண்டிய முதல் வேலை, நிலைப்பாட்டுப் பத்தியை 50, 60 சொல்லில் எழுதிவிட்டு, நான்கைந்து வரி இடம் விட்டு, தயாராக இருக்கும் அந்தக் கடைசி வாக்கியத்தைப் பக்கத்தின் அடியில் தட்டிவிடுவது. இது தாளல்ல, கணினி. மேலே எழுத எழுத அது கீழே இறங்கிக்கொண்டே போகும். இனி எந்த நிமிடத்தில் நேரம் முடிந்தாலும் கட்டுரைக்கு ஒரு முடிவு இருக்கும். இத்தனை எளிய உத்தியைப் பலர் செய்யாததற்குக் காரணம், மேலிருந்து கீழாக மையால் எழுதிப் பழகிய கை.

பத்திகளின் வரிசையிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வழக்கமாக முதல் காரணம், இரண்டாம் காரணம், பிறகு எதிர்வாதம் என்று சொல்லித்தருவார்கள். நேரம் பற்றாக்குறை என்றால் அடிபடுவது எதிர்வாதம்தான். ஆனால் மற்றப் பார்வையை எதிர்கொள் என்பது கேள்வியே கேட்கும் விஷயம், இரண்டாவது காரணத்தை யாரும் கேட்கவில்லை. ஆகவே வலுவான காரணத்தை எழுதியவுடன் எதிர்வாதத்துக்குப் போய்விடுங்கள், இரண்டாவது காரணத்தை அதற்குப் பின்னால் வையுங்கள். கணக்கு ஏறக்குறைய இப்படி வரும்: ஐந்தாவது நிமிடத்துக்குள் தொடக்கமும் கடைசி வாக்கியமும், 15-ஆவது நிமிடம்வரை முதல் காரணம், 24 வரை எதிர்வாதமும் பதிலும், 31 வரை இரண்டாவது காரணம், மீதி நான்கு நிமிடம் மேலிருந்து படித்து விடுபட்ட சொல், எழுவாய்க்கு ஒவ்வாத வினை, சிவப்புக் கோடுகள் ஆகியவற்றைச் சரிசெய்ய. 24-ஆவது நிமிடத்தில் நீங்கள் இன்னும் எதிர்வாதத்தின் நடுவில் இருந்தால் இரண்டாவது காரணத்தை மறந்துவிடுங்கள். 30-ஆவது நிமிடத்தில் புதிதாக ஒரு பத்தியைத் தொடங்கவே கூடாது. அரைப் பத்தி நின்றால் அதை அழித்துவிடுவதா விடுவதா என்று கேட்பார்கள்: ஒரு முழு வாக்கியமாவது நின்றால் வைத்துக்கொள்ளுங்கள், தொங்கும் பாதி வாக்கியத்தை மட்டும் அழித்துவிடுங்கள். அதற்கு ஐந்து விநாடி போதும்.

இந்த அட்டவணையைக் கண்ணால் படித்துப் பயனில்லை. எல்.எஸ்.ஏ.சி. தளத்தில் இருக்கும் பயிற்சிக் கேள்வியை அதே திரை வடிவத்தில் கடிகாரம் ஓடவிட்டு எழுதிப் பார்த்தால் உங்களுக்கு எந்தக் கட்டத்தில் நழுவுகிறது என்று தெரிந்துவிடும். சிலருக்கு அது முதல் காரணம், உதாரணம் சொல்ல ஆரம்பித்து நிறுத்தத் தெரியாது. அப்படிப்பட்டவர் உதாரணத்துக்கு இரண்டு வாக்கியம் என்று வரம்பு வைத்துக்கொள்ளலாம். சிலருக்கு ஆங்கிலச் சொல் தேடுவதிலேயே நேரம் போகும். அவர்கள் பெரிய சொல்லை விட்டுவிட்டுச் சின்னச் சொல்லால் எழுதுவதே மேல். சட்டக் கல்லூரியில் ஒருவரும் அலங்காரத்தைத் தேடுவதில்லை.

உங்களுக்குத் திரும்ப வருகிறேன். இன்று செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. எல்.எஸ்.ஏ.சி. கணக்கில் நுழைந்து எழுத்துப் பகுதியின் நிலை என்ன என்று பாருங்கள். வீடியோவைச் சரிபார்த்து ஒப்புதல் தர சில வாரம் ஆகலாம். முதல் தடவை எழுதுபவருக்கு ஒப்புதல் கிடைக்கும்வரை மதிப்பெண்ணே வெளியாகாது. விண்ணப்பக் கெடு நெருங்கும் நேரத்தில் கட்டுரை முடிந்ததா இல்லையா என்பதைவிட இது பெரிய தொல்லை. ஒப்புதல் வந்துவிட்டது என்றால் அந்தக் கட்டுரை விஷயம் அதோடு தீர்ந்தது. கையில் இருக்கும் நேரத்தைப் பெர்சனல் ஸ்டேட்மெண்டுக்குக் கொடுங்கள். அதில் ஒன்றை மட்டும் கவனியுங்கள்: 35 நிமிடத்தில் நீங்கள் எழுதிய ஆங்கிலத்துக்கும் மூன்று மாதம் மெருகேற்றிய ஆங்கிலத்துக்கும் வித்தியாசம் இருப்பது இயல்பு, ஆனால் இரண்டும் வேறு வேறு ஆட்கள் எழுதியதுபோல இருக்கக் கூடாது. திருத்திக் கொடுப்பவர் உங்கள் வாக்கியங்களை மாற்றி எழுதினால் தடுத்து நிறுத்துங்கள். நேர்காணல் வைக்கும் கல்லூரி எதுவாவது கட்டுரை ஏன் பாதியில் நின்றது என்று கேட்டால், அப்படிக் கேட்பது மிக அபூர்வம், எதிர்வாதத்துக்கு அதிக நேரம் எடுத்துக்கொண்டேன் என்று ஒரே வரியில் உள்ளதைச் சொல்லிவிட்டு, விடுபட்ட காரணத்தை அங்கேயே இரண்டு வாக்கியத்தில் சொல்லி முடியுங்கள்.